புகை இருக்கட்டும், தம்பி

ஏனாத்தூரில் பல்கலைக்கழகத்துக்குப் போகிற சாலை. மாலை நாலரை மணி. டீக்கடை பெஞ்சில், கிளாஸ் வைக்கிற இடத்தில் ஒரு ரிமோட் கார் உட்கார்ந்திருந்தது. மேல்கூட்டைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார்கள். நாலு டயரிலும் ஏரி மண். பக்கத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிற தம்பி ஒருவன், கையில் சின்ன ஸ்க்ரூ டிரைவரோடு வாடிப்போய் இருந்தான்.

"அண்ணா, காலையிலேர்ந்து திருகிட்டே இருக்கேன். ஸ்டார்ட் ஆவுது, கொஞ்ச தூரம் ஓடுது, நின்னுடுது. ஒரே ஒரு தரம் மட்டும் செமையா சீறிக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் அதுவும் இல்ல."

"அந்த ஒரு தரம் சீறினப்போ, பின்னாடி புகை வந்துச்சா?"

கொஞ்சம் யோசித்தான். "இல்லண்ணா. புகையே இல்ல. அதனாலதான் செட்டிங் கரெக்ட்னு நெனச்சேன்."

இந்தக் காரில் இருக்கிற மாதிரியான நைட்ரோ எஞ்சினை முதல் முறை தொடுகிற பெரும்பாலானவர்கள் விழுகிற பள்ளம் இதுதான். அவன்மேல் தப்பில்லை. நம் வீடுகளில் புகை என்றாலே கோளாறு என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். டிவிஎஸ் 50 புகை கக்கினால் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனோம். லாரி புகைத்தால் திட்டினோம். இந்த எஞ்சினுக்கு மட்டும் அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். ஓடும்போது பின்னால் மெல்லிய நீலப்புகை ஒரு நூல்போல வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நூல் அறுந்தால் எஞ்சின் தன்னைத் தானே தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

ஏன் என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் கைப்பழக்கம். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கச் சொன்னேன். இரண்டு டீ சொன்னேன்.

அந்த எஞ்சின் 18 என்று குறிப்பிடப்படுகிற வகை. அதாவது 0.18 கன அங்குலம், நம் கணக்கில் ஏறக்குறைய 3 சிசி. மருந்து ஊற்றித் தரும் சின்ன ஸ்பூனில் பிடிக்கிற அளவைவிடக் குறைவு. ஆனால் முழு வேகத்தில் இது நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்குப் பக்கத்தில் போகும். ஒரு நொடிக்கு 500 முறை பிஸ்டன் மேலே போய்க் கீழே வருகிறது. மொபெட் எஞ்சின் முழு மூச்சில் ஓடினாலும் நொடிக்கு 100 சுற்றைத் தாண்டுவது கஷ்டம். இவ்வளவு வேகத்தில் தேய்கிற பிஸ்டனுக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது? இதில் ஆயில் சம்ப் கிடையாது, ஆயில் பம்ப் கிடையாது. எண்ணெய் எரிபொருளோடு கலந்துதான் உள்ளே போகிறது. வேறு வழியே இல்லை.

டூ-ஸ்ட்ரோக் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பெட்ரோல் பங்கில் லிட்டருக்கு 20, 40 மில்லி என்று 2டி ஆயில் கலந்து போட்ட காலம் நினைவிருக்கும். நைட்ரோ எரிபொருளில் அந்த அளவு பல மடங்கு. ஒரு லிட்டரில் 100 முதல் 160 மில்லி வரை எண்ணெய் இருக்கும். பெரும்பங்கு மெத்தனால். 16, 20, 25 சதவீதம் என்று டப்பாவில் போட்டிருப்பது நைட்ரோமீத்தேன். ரிமோட் காருக்கு 'நைட்ரோ' என்று பேர் வந்ததே இந்தச் சிறுபங்கால்தான்.

அந்த எண்ணெயில் ஒரு பகுதி என்ன தெரியுமா என்று தம்பியிடம் கேட்டேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டாம், புகையை நினைத்துப் பார் என்றேன். "ஏதோ இனிப்பா, பாட்டி வீட்டு வாசனை மாதிரி வரும்ணா," என்றான். சரியாகத்தான் சொன்னான். அது விளக்கெண்ணெய். ஆமணக்கு விதையில் ஆட்டிய அதே எண்ணெய்தான். முதல் உலகப் போர் விமானங்களில் சிலிண்டர்களே சுழலும் எஞ்சின்கள் இருந்தன. அவற்றுக்கும் விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற கம்பெனிப் பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. மற்ற எண்ணெய்கள் பலவும் ஆவியாகி ஓடிவிடுகிற சூட்டில்கூட இது உலோகத்தின் மேல் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் செயற்கை எண்ணெய்கள் எவ்வளவோ வந்த பிறகும் மாடல் எஞ்சின் எரிபொருளில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. உலகத்திலேயே அதிகமாக ஆமணக்கு விளைவிக்கிற நாடு நம்முடையது என்பதை நினைத்தால் எனக்கு அந்தப் புகையின் மேல் கூடுதல் பாசம் வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நைட்ரோ எரிபொருள் கிடைக்கவில்லை என்று மெத்தனாலில் 2டி ஆயிலைக் கலந்து பார்ப்பவர்கள் உண்டு. கண்ணாடிக் குப்பியில் கலக்கிப் பத்து நிமிடம் வைத்தால் தெரிந்துவிடும். எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும். பெட்ரோலில் கரைகிற கனிம எண்ணெய் மெத்தனாலில் கரையாது. விளக்கெண்ணெய் கரையும். பிரிந்த எண்ணெயோடு ஓட்டினால் எஞ்சின் வெறும் சாராயத்தைக் குடித்துக்கொண்டு ஓடுகிறது என்று பொருள்.

இப்போது அந்த ஸ்க்ரூவுக்கு வருவோம். கார்புரேட்டரில் நிமிர்ந்து நிற்கிற பித்தளை ஊசியை உள்ளே திருகினால் எரிபொருள் குறைகிறது. எரிபொருள் குறைந்தால் கூடவே எண்ணெயும் குறைகிறது. நம் மெக்கானிக்குகள் 'லீன்' என்று சொல்கிற நிலை இது. பெட்ரோல் வண்டி லீன் ஆனால் சூடாகும், பிக்கப் குறையும். இங்கே அதோடு பிஸ்டனுக்கு எண்ணெயும் நின்றுபோகிறது. மெத்தனால் ஆவியாகும்போது உறிஞ்சுகிற வெப்பம் பெட்ரோலைப் போல மூன்று மடங்கு. எஞ்சினைக் குளிர வைப்பதே பெரும்பாலும் அந்த ஈரம்தான். ஆக, ஒரே திருகலில் தீனி, எண்ணெய், குளிர்ச்சி மூன்றையும் சேர்த்துக் குறைக்கிறோம். ஆனால் சாவதற்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் இருப்பதிலேயே வேகமாக ஓடும். சத்தம் கூர்மையாக, அழகாக இருக்கும். கேட்கிறவனுக்கு "இன்னும் ஒரு திருகு" என்று ஆசை வரும்.

எனக்கும் வந்தது. என் முதல் எஞ்சினை ஆறாவது டேங்கிலேயே அப்படித்தான் கெடுத்தேன். கோடை மத்தியானம், காய்ந்த ஏரி. காது சொன்னதை நம்பி ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகினேன். விசில்போல ஒரு சத்தம் வந்தது. அது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அடுத்த வளைவில் சட்டென்று நின்றது. ஆறிய பிறகு ஃப்ளைவீலைக் கையால் சுற்றினேன். மேலே வரும்போது இருக்க வேண்டிய அந்த இறுக்கம் இல்லை. தாயக்கட்டையை உருட்டுவதுபோல லேசாகச் சுற்றியது. அந்த இறுக்கம் போனால் அந்த எஞ்சினுக்குத் திரும்ப வராது.

இறுக்கம் என்றேனே, அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சின்களில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. பிஸ்டன் அலுமினியம். அது ஓடுகிற ஸ்லீவ் பித்தளை, உள்ளே குரோம் பூச்சு. ஸ்லீவ் மேலே கொஞ்சம் குறுகலாகக் கடைந்திருப்பார்கள். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அங்கே பிடிக்கும். புது எஞ்சின் என்றால் ஸ்டார்ட் செய்கிற கயிற்றை இழுக்கவே முடியாத அளவுக்குப் பிடிக்கும். சூடானதும் பித்தளை விரிந்து, இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி வரும். அந்த இடைவெளியை எண்ணெய்ப் படலம் நிரப்புகிறது. இந்த ஏற்பாடு முழுவதும் எஞ்சின் சரியான சூட்டில் இருக்கும்போதுதான் வேலை செய்யும். அதனால் புது எஞ்சினை முதல் நாலைந்து டேங்குக்குத் தாராளமான எரிபொருளோடு, சூடாக்கி ஆறவிட்டு, மறுபடி சூடாக்கித்தான் பழக்க வேண்டும். ஒவ்வொரு முறை நிறுத்தியதும் ஃப்ளைவீலைத் திருப்பி பிஸ்டனை அடிமட்டத்தில் விட வேண்டும். உச்சியில் விட்டுவிட்டால் ஆறும்போது ஸ்லீவ் சுருங்கி பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். தம்பியின் கார் இரண்டாம் கை. ஃப்ளைவீலைச் சுற்றிப் பார்த்தேன். மேலே வரும்போது நன்றாகவே பிடித்தது. இன்னும் உயிர் இருக்கிறது என்றதும் அவன் முகம் மாறியது.

"அப்போ பிளக்குல ஸ்பார்க் எப்படிண்ணா? வயரே இல்லையே?"

வயர் தேவையில்லை. இது ஸ்பார்க் பிளக் அல்ல, குளோ பிளக். உள்ளே பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் இக்னைட்டர் வழியாக 1.5 வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அந்த இக்னைட்டரை எடுத்துவிடலாம். பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் ஆவி பட்டால் ஒரு வேதிவினை நடந்து வெப்பம் வரும். அதோடு அழுத்தத்தின் சூடும் சேர்ந்து கம்பி சிவந்தே இருக்கும், ஊதுபத்தி நுனி தானாகக் கனிந்துகொண்டிருப்பதுபோல. 1947-இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு பொம்மை விமானத்தில்கூட காயில், பேட்டரி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பறக்க வேண்டியிருந்தது. இன்னொரு வழி, பிளக்கே இல்லாத மாடல் டீசல். கல்கத்தாவில் அரோரா என்ற பெயரில் அந்த வகை எஞ்சின்கள் செய்தார்கள். ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றுவோம். கல்லூரியில் என்சிசி ஏர் விங்கில் இருந்தபோது, கயிறு கட்டிச் சுற்றும் விமானத்தில் அந்த வகை எஞ்சினோடுதான் என் விரல்கள் முதலில் பழகின.

இந்த எஞ்சினில் டைமிங் என்று தனியாகத் திருப்ப ஒன்றும் இல்லை. கலவைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கலவையைப் பற்றி ஒரு கணக்கு: ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். மெத்தனாலுக்கு ஆறரை கிராம் போதும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிராம் போதும், அதனிடமே ஆக்சிஜன் இருக்கிறது. அதே காற்றுக்கு பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருளை ஊற்றலாம் என்பதுதான் இந்தச் சின்ன எஞ்சினின் பலம். 75 மில்லி டேங்க் பத்து நிமிடம் தாங்கினாலே அதிகம் என்பதற்கும் அதுதான் காரணம்.

டீ வந்தது. தம்பி கிளாஸை எடுக்கக் கையை நீட்டினான். பக்கத்தில் ஒரு லிட்டர் குடிதண்ணீர் பாட்டில், லேபிளோடு. உள்ளே இளஞ்சிவப்பாக ஏதோ இருந்தது.

"அது என்னப்பா?"

"ஃப்யூயல்ணா. டப்பா பெருசா இருந்துச்சு, கொஞ்சமா ஊத்தி எடுத்தாந்தேன்."

அதை எடுத்து என் வண்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசினேன். டீக்கடை பெஞ்ச். யார் வேண்டுமானாலும் தாகத்துக்கு எடுப்பார்கள். ரோஸ் நிறத்தைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கு ரோஸ் மில்க் என்றுதான் தோன்றும். 2023 மே மாதம் மரக்காணத்திலும், நமக்குப் பக்கத்தில் மதுராந்தகம் வட்டாரத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் கள்ளச்சாராயம் என்று வந்து உயிர்களை வாங்கியது இதே மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் போனார்கள். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் தாக்குவது கண் நரம்பை. சில மில்லி போதும் பார்வை போக. குடித்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் மங்கலும் வரும். யாராவது தவறிக் குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனதும் "மெத்தனால்" என்ற பெயரைச் சொல்ல வேண்டும். அதற்கு மாற்று மருந்து இருக்கிறது. நேரம்தான் இருக்காது.

தோல் வழியாகவும் மெத்தனால் உள்ளே போகும். கையில் பட்டால் கழுவு. வெயிலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது, அதனால் சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் டேங்க் நிரப்பாதே. கம்பெனி டப்பாவிலேயே வை, மூடியை இறுக்கு, பூட்டி வை. தமிழ்நாட்டில் மெத்தனால் மதுவிலக்குச் சட்ட விதிகளின் கீழ் வருகிற பொருள். தனியாக வாங்கிக் கலந்துகொள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம். கலந்து, முத்திரையிட்டு வருகிற எரிபொருளை முறையான கடையில் ரசீதோடு வாங்கு. இதையெல்லாம் அவனிடம் குரலை உயர்த்தித்தான் சொன்னேன். எந்தச் செட்டிங்கையும்விட இது முக்கியம்.

அவன் தலையாட்டினான். கொஞ்ச நேரம் பேசாமல் டீ குடித்தோம்.

திருகுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. பாதி நேரம் கோளாறு ஊசியில் இருக்காது. எரிபொருள் குழாயில் குண்டூசி ஓட்டை, டேங்க் மூடி ரப்பர் தளர்ச்சி, கார்புரேட்டர் அடியில் காற்றுக் கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் செட்டிங் நிற்காது. இந்த நிமிடம் சரியாக இருக்கும், அடுத்த நிமிடம் ஓடிவிடும். சைலன்சரிலிருந்து டேங்குக்கு ஒரு குழாய் போகிறதே, அந்த அழுத்தம்தான் எரிபொருளைத் தள்ளுகிறது. அதனால் டேங்கைக் கழற்றி, எரிபொருளைக் காலி செய்து, இரண்டு குழாயில் ஒன்றை மடக்கிப் பிடித்து, வாய் வைக்காமல் பெரிய சிரிஞ்சால் இன்னொன்றில் காற்று ஏற்றி பக்கெட் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கலாம். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுதான். தம்பியின் டேங்க் மூடியில் வரிசையாக முத்து முத்தாகக் குமிழி வந்தது. மூடி ரப்பரில் ஏரி மண் படிந்திருந்தது. துடைத்து மாட்டினோம், நின்றது. காலையிலிருந்து அவன் திருகியதில் பாதி இந்த மண்ணோடு போட்ட சண்டை.

மண் என்றதும் ஏர் ஃபில்டர். இங்கே கோடையில் எல்லாப் பையன்களும் காய்ந்த ஏரியில்தான் ஓட்டுகிறார்கள். ஏரியைப் பராமரிக்க ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே ஏரி வாரியம் வைத்திருந்த உத்திரமேரூர்ப் பக்கத்து ஜனங்கள் நாம். வண்டல் எவ்வளவு மெல்லியது என்று நமக்குத் தெரியும். விரலில் தேய்த்தால் பவுடர். அது ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தாண்டி உள்ளே போனால், எண்ணெயோடு கலந்து உப்புத்தாள்போலத் தேய்க்கும். ஒரே டேங்கில் அந்த இறுக்கம் போய்விடும். ஸ்பாஞ்சை ஒவ்வொரு நாளும் கழுவிக் காயவைத்து, ஃபில்டர் எண்ணெய் தடவி, பிழிந்து மாட்ட வேண்டும். தம்பியின் ஸ்பாஞ்ச் காய்ந்த ரொட்டிபோல இருந்தது. வேறு ஒன்று மாட்டினோம்.

இனி மூன்று திருகாணிகள். நிமிர்ந்து நிற்கும் பித்தளை ஊசி ஹை ஸ்பீடு. ஆக்சிலேட்டர் கை அசைகிற பக்கம், அச்சின் நுனியில் உள்ளே ஒளிந்திருப்பது லோ ஸ்பீடு. பக்கவாட்டில் இருப்பது ஐடிலிங் ஸ்க்ரூ. அது கலவையைத் தொடாது, கார்புரேட்டர் எவ்வளவு மூடலாம் என்று தடுத்து நிறுத்துகிறது, அவ்வளவே. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் முழுதாக மூடிய நிலையில் ஒரு மில்லிமீட்டர் வாய் திறந்திருக்க வேண்டும், குண்டூசித் தலை அளவு.

தொடக்கக்காரர்கள் மூன்றையும் ஒரே நேரத்தில் திருகுகிறார்கள். அப்படிச் செய்தால் எதனால் எது மாறியது என்று யாருக்கும் தெரியாது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாவிட்டால் எஞ்சினோடு வந்த குறிப்பேடு சொல்கிற கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பு. ஊசியை உள்ளே விடும்போது தட்டுகிற இடத்தில் நிறுத்து, முறுக்காதே, நுனி நசுங்கிவிடும். அங்கிருந்து எத்தனை சுற்று வெளியே என்று எண்ணி நோட்டில் எழுது. நோட்டு இல்லாமல் ஏரிக்குப் போகாதே.

பிறகு சூடாக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் செய்கிற செட்டிங் எதுவும் நிற்காது. அரை டேங்க் மெதுவாக ஓட்டிவிட்டு, முதலில் ஹை ஸ்பீடு. நீளமாக ஒரு ஓட்டம் விடு. வண்டி கனமாக, தொண்டையில் சளி கட்டியதுபோல 'பொட பொட' என்று போனால், புகை கெட்டியாக வந்தால், ரிச், அதாவது எரிபொருள் அதிகம். கடிகார முள் போகிற திசையில், ஒரு மணி அளவு மட்டும் திருகு. அதாவது முழுச்சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மறுபடி ஓட்டு. ஒவ்வொரு திருகலுக்கும் இரண்டு ஓட்டமாவது விடு, மாற்றம் தெரிய அவ்வளவு நேரம் ஆகும். சத்தம் தெளிந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் திருகியும் வேகம் கூடாது. அங்கேயே நின்று, ஒன்றரை மணி அளவு வெளியே திருப்பி விடு. அதுதான் உன் இடம். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுக்கிறோம், எஞ்சினை வைத்துக்கொள்கிறோம்.

சூடு பார்க்க லேசர் புள்ளி வைத்த வெப்பமானி நல்லது. பிளக்கைச் சுற்றி 100-லிருந்து 120 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நிம்மதி. கொரோனா காலத்தில் வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அது உதவாது. உடம்புச் சூட்டோடு அதன் அளவு முடிந்துவிடும். எதுவும் இல்லையென்றால் தோசைக்கல் வித்தை இருக்கிறது. எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர். மூன்று நாலு நொடி சீறிக் காய்ந்தால் சரி. விழுந்ததும் காணாமல் போனால் சூடு மிஞ்சிவிட்டது, உடனே ஊசியை வெளியே விடு. சீறாமல் அப்படியே நின்றால் இன்னும் ரிச். தோசை வார்க்கிற யாருக்கும் இதற்குப் பயிற்சி வேண்டாம்.

இன்னொரு சாட்சி பிளக். இங்கிருந்து சென்னைக்குப் போகிற வழியில் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயப் பாதை இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் பைக் காலத்து மெக்கானிக்குகள் ஓட்டம் முடிந்ததும் முதலில் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைத்தான் படிப்பார்கள். இங்கேயும் அதே. கம்பிச்சுருள் புதிதுபோல ஈரமாகப் பளபளத்தால் ரிச். லேசாகச் சாம்பல் பூத்திருந்தால் நல்லது. நெளிந்து, நசுங்கி, அறுந்திருந்தால் லீன். தம்பியின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். சுருளின் ஒரு வளையம் இன்னொன்றின் மேல் சாய்ந்திருந்தது. அந்தப் புகையில்லாத ஓட்டம் எழுதி வைத்துவிட்டுப் போன கையெழுத்து அது.

ஹை ஸ்பீடு முடிந்த பிறகுதான் லோ ஸ்பீடு. பத்து நொடி ஐடிலில் விட்டு, சட்டென்று முழு ஆக்சிலேட்டர் கொடு. புகையை வாரி இறைத்துத் திணறிக் கிளம்பினால் ரிச். புகையே இல்லாமல் 'டப்' என்று அணைந்தால் லீன். ஓட்டி நிறுத்தியதும் ஐடிலிங் கீழே இறங்காமல் உயரத்திலேயே தொங்கினால் அதுவும் லீன்தான். இதை உறுதி செய்ய எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஐடிலில் இருக்கும்போது கார்புரேட்டருக்குப் பக்கத்தில் எரிபொருள் குழாயை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து எண்ண வேண்டும். சத்தம் லேசாக ஏறி, மூன்றாவது எண்ணிக்கையில் நின்றால் சரி. உடனே நின்றால் லீன். ஐந்தாறு எண்ணியும் ஓடினால் ரிச். விரலுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற அந்த மூன்று நொடியில் எஞ்சின் நம்மோடு பேசுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். பேட்டரி கார் இதைவிட வேகமாகப் போகும், தொல்லையும் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு அதில் கிடையாது. பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதற்காகத்தான்.

"ஒருதரம் செட் பண்ணிட்டா அப்படியே விட்டுடலாமாண்ணா?"

விட முடியாது. காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. சித்திரை மத்தியானக் காற்று சூட்டில் லேசாக இருக்கும், அதில் ஆக்சிஜன் குறைவு. மார்கழி விடியற்காலைக் காற்று அடர்த்தி. சித்திரையில் சரியாக இருந்த ஊசி மார்கழி காலையில் லீன். எரிபொருள் அதே அளவுதான், காற்று கூடிவிட்டதே. ஒரு ராத்திரி இடைவெளியிலும் இது நடக்கும். முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிக்கு வைத்த செட்டிங்கோடு மறுநாள் காலை ஆறு மணிக்கு ஓட்டப் போனால், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஊசியை ஒன்றரை மணி அளவு வெளியே திருப்பிவிடு. ரிச்சாக ஓடினால் புகைதான் வரும். அதனால் நஷ்டமில்லை. மெத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பாதி டப்பாவைத் திறந்து வைத்திருந்தால் அடுத்த வாரம் எந்தச் செட்டிங்கும் பிடிக்காது.

இன்னும் ஒன்று. கயிறு இழுக்கும்போது திடீரென்று இறுகி நின்றால் பலத்தைக் காட்டாதே. எரிபொருள் அதிகமாக உள்ளே போய் பிஸ்டனுக்கு மேலே தேங்கியிருக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்று, காரைக் கவிழ்த்துப் பிடி, மேலே ஒரு துணி போட்டு நாலைந்து தரம் இழு. முகத்தைத் தள்ளி வை.

டீக்காசு கொடுத்துவிட்டு ஏரிக்குப் போனோம். புது பிளக், வேறு ஸ்பாஞ்ச், துடைத்த மூடி, கம்பெனி டப்பாவில் எரிபொருள். ஊசியைக் கம்பெனி செட்டிங்குக்குக் கொண்டுபோய், அதற்கும் மேலே அரைச்சுற்று வெளியே வைத்தோம். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. முதல் ஓட்டம் எருமை நடை. புகை பின்னால் கம்பளிபோல வந்தது. தம்பி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே ஒரு மணி திருகினான், இரண்டு ஓட்டம் விட்டான், நோட்டில் எழுதினான். மறுபடி ஒரு மணி. ஆறாவது திருகலுக்குப் பிறகு சத்தம் தெளிந்தது. எட்டாவதில் வேகம் கூடவில்லை. கேட்காமலேயே ஒன்றரை மணி வெளியே விட்டான். வரப்போரத்து மாடுகள் தலை தூக்கிப் பார்க்க, கார் ஏரியின் குறுக்கே போனது. பின்னால் நீல நூல் அறுபடாமல் வந்தது.

லோ ஸ்பீடை அவன் தொட்டது ஒரே ஒரு தரம். பிறகு குனிந்து குழாயைக் கிள்ளிக்கொண்டு, "ஒண்ணு… ரெண்டு…" என்று எண்ணினான். சத்தம் ஒரு மூச்சு ஏறி, மூன்றில் அடங்கியது.

இருட்டுவதற்கு முன்னால் டேங்கை வடித்து, மிச்சம் குழாயில் இருந்ததையும் ஓட்டித் தீர்த்தோம். மெத்தனாலையும் நைட்ரோவையும் இரவு உள்ளே விட்டால் காலையில் பேரிங் துருப்பிடித்திருக்கும். பிளக் துளையிலும் கார்புரேட்டர் வாயிலும் ஆஃப்டர் ரன் ஆயில் சில சொட்டு விட்டு, கயிற்றை நாலு தரம் இழுத்தான். பிறகு ஃப்ளைவீலை விரலால் நகர்த்தி, பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்திவிட்டுத்தான் மேல்கூட்டை மாட்டினான்.